பச்சையா, நீலமா?

எடிட்டிங் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பொத்தானை அமுக்கினால் எந்த நிறம் வரும் என்று இதில் தேடாதீர்கள். அதைச் சொல்லித்தர இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் மற்றப் பாதிப் பேரை மடையர்கள் என்கிறார்கள். யார் சொல்வது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இருபத்திரண்டு வருஷம் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிய நான், ஒரே ஒரு சேலையின் நிறம் தெரியாமல் பதினொரு நாள் மண்டை காய்ந்து திரிந்தேன். என்னால் ஒரு பெண் புருஷன் வீட்டுக்குப் போக முடியாமல் தாய் வீட்டில் இருந்தாள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஸ்டூடியோ நானாவுடையது. முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். எங்கள் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அவர் படம் பிடிப்பார், நான் வெட்டி ஒட்டி நிறம் சேர்ப்பேன். பெரிய கல்யாணம் என்றால் நானும் ஒரு கெமராவோடு போய் நிற்பேன். நான் வேதக்காரி, கிறிஸ்தவள். தொழில் பழகியதே எங்கள் வேதக் கோயிலில் நடக்கும் வெள்ளைச் சேலைக் கல்யாணங்களில்தான். எனக்குத் தெரிந்த ஒரே மந்திரம், வெள்ளையைப் பிடித்தால் மற்ற நிறமெல்லாம் தானாகப் பின்னால் வரும் என்பது. அந்த மந்திரம் என்னை ரொம்பக் காலம் காப்பாற்றியது. அதனால்தான் அது கைவிட்டபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அந்தக் கல்யாணம் கம்பளையில், ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. பெண் கோகிலா, கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். மாப்பிள்ளை சுதாகரன், குண்டசாலைக்காரன். கண்டியில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். தாலி கட்டும்போது பெண் உடுத்த வேண்டிய கூறைச் சேலையை மாப்பிள்ளை வீட்டார்தான் கொடுப்பார்கள். அதை வாங்கியவர் லண்டனில் இருக்கும் சுதாகரனின் அக்கா. அவர் கடைக்குப் போகவில்லை. சென்னையில் ஒரு கடைக்காரர் போனுக்கு முன்னால் சேலை சேலையாகப் பிடித்துக் காட்ட, லண்டனில் இருந்து பார்த்துத் தெரிவு செய்திருக்கிறார். அது யாரோ ஊருக்கு வந்தவர் கையில் பெட்டியோடு வந்து சேர்ந்தது. அந்த அக்காவுக்குக் கல்யாணத்துக்கு வரக் கிடைக்கவில்லை. ஆக, வாங்கியவர் அந்தச் சேலையை ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை. இது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் யோசித்திருப்பேனா என்பது சந்தேகம்.

மணமேடைக்கு நேர் முன்னால் என் புதுக் கெமரா. அதில் லொக் என்று ஒரு முறை உண்டு. அதில் பிடித்தால் படம் பத்துத் தரம் துவைத்த துணி மாதிரி வெளிறி வரும். பிறகு கம்பியூட்டரில் நாம்தான் நிறம் ஏற்ற வேண்டும். நானாவுக்கு அது அறவே பிடிக்காது.

“வெளிறின படத்த நம்ப ஏலா தங்கச்சி. கண்ணுக்கு என்ன தெரியுதோ அதத்தான் நான் புடிப்பன்” என்று தன் பழைய கெமராவைச் சாதாரண முறையில் வைத்துக்கொண்டு மேடையின் பக்கவாட்டில் நின்றார்.

இரண்டு கெமரா, இரண்டு முறை. பத்தடி தூரத்தில் நின்று காலை முழுக்க நான் என் கெமராவின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பெண்ணும் சாம்பல், மாப்பிள்ளையும் சாம்பல், ஐயரும் சாம்பல்.

முழு வீடியோவுக்கு முன்னால் ஐந்து நிமிஷத் துண்டொன்றை அவசரமாகச் செய்து மாப்பிள்ளைக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். அனுப்பினேன். இரண்டாம் நாள் சுதாகரன் ஸ்டூடியோவுக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றான்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதீங்க. தாலி கட்டுறப்ப கோகிலா சேல மாத்துனாங்களா?”

“தாலி கட்டுற நேரத்துல யாரு தம்பி சேல மாத்துவா?”

“லண்டன்ல இருந்து அக்கா கேக்குறாங்க. வீடியோவுல ஒரு எடத்துல நீலமா இருக்கு, ஒரு எடத்துல பச்சையா இருக்காம். நான் வாங்குனது நீலம், பச்சை எங்கருந்து வந்துச்சின்னு கேக்குறாங்க.”

நான் சிரித்துவிட்டேன். இரண்டு கெமரா, இரண்டு முறை, நிறம் சரியாகச் சேரவில்லை, அவசரத்தில் நடந்த பிழை, திருத்தித் தருகிறேன் என்றேன். அவன் சிரிக்கவில்லை. வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று மெல்ல மெல்லச் சொன்னான். கோகிலா நல்ல பட்டைத் தன் தங்கச்சிக்கென்று ஒதுக்கிவிட்டு, அதே மாதிரி ஒரு மலிவுச் சேலையைக் கட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று லண்டன் அக்கா முடிவு கட்டிவிட்டார். பெட்டியைத் தட்டில் வைத்துக் கொடுத்த சுதாகரனின் அம்மாவுக்கோ, மகள் நீலம் என்று சொன்னதால் தானும் நீலமாகத்தான் பார்த்தேனா, உண்மையிலேயே நீலம்தானா என்று குழப்பம். குழப்பத்தோடு சும்மா இருந்திருக்கலாம். பக்கத்து வீட்டார் இரண்டு பேர் முன்னால் வைத்து மருமகளிடம் கேட்டிருக்கிறார்.

“அவங்க என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“கட்டுன சேலையக் கொண்டாந்து காட்டுறதுக்கு நான் என்ன திருடியான்னு கேட்டாங்க. அன்னைக்கே ஒரு பேக்கோட அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. திருடி இல்லன்னு நீங்களே சொல்லிக் கூப்புட்டா வர்றேன், சேலையக் காட்டிட்டு உள்ள வர மாட்டேன்னுட்டாங்க.” பிறகு, “நீங்க சரியான கலர்ல குடுத்தீங்கன்னா எல்லாம் சரியாயிடும் அக்கா” என்றான்.

சரியான நிறம். அவ்வளவுதானே? நான் உட்கார்ந்தேன்.

வெள்ளையைப் பிடித்தேன். மாப்பிள்ளையின் வேட்டி இரண்டு கெமராவிலும் ஒன்றாய் வந்தது. முகங்கள் ஒன்றாய் வந்தன. செவ்வந்தி மாலை, குத்துவிளக்கு, ஐயரின் சந்தனம், சுவர் என்று எல்லாம் ஒத்துப்போயின. சேலை மட்டும் ஒத்துவரவில்லை. என் கெமராவில் நீலம், நானாவின் கெமராவில் பச்சை. லொக் படத்துக்கு நிறத்தை இரண்டு தரம் ஏற்றிவிட்டேனோ என்று எல்லாவற்றையும் கழற்றி மறுபடி ஏற்றினேன். வெட்டுகிற மென்பொருளில் ஒரு மாதிரி, நிறம் சேர்க்கிற மென்பொருளில் வேறு மாதிரி தெரிகிறதோ என்று இரண்டையும் மாற்றி மாற்றித் திறந்தேன். என் கம்பியூட்டரில் நீலமாய் இருந்தது என் போனில் கொஞ்சம் பச்சையாய் இருந்தது. வீட்டு டிவியில் போட்டால் கறுப்பு. மூன்றாம் நாள் பஸ்ஸில் முன்னால் இருந்த பெண்ணின் தாவணி என்ன நிறம் என்று எனக்கே நிச்சயமில்லாமல் போனது. கண் டொக்டரிடம் போகலாமா என்றுகூட நினைத்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எல்லாம் ஒத்துப்போய் ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை என்றால், அந்த ஒன்றைப் பிடித்து உலுக்கக் கூடாது. அது என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். இதை இப்போது வாய் கிழியச் சொல்கிறேன். அப்போது நான் செய்தது வேறு. புதுக் கெமரா, விலை கூடிய கெமரா, அது நீலம் என்கிறது. வாங்கிய மனுஷியும் நீலம் என்கிறார். ஆக நீலம் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். நானாவின் பழைய கெமராவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினேன்.

அவருடைய படத்தில் பச்சையை எல்லாம் நீலமாக்கினேன். மாவிலைத் தோரணம் நீலமானது. வாசலில் கட்டியிருந்த வாழைமரம் நீலமானது. பச்சைச் சேலையில் வந்திருந்த மாப்பிள்ளையின் சித்தி நீலச் சேலைக்கு மாறினார். பிறகு தோரணத்தையும் வாழையையும் சித்தியையும் ஒவ்வொன்றாகக் காப்பாற்றி, கூறைச் சேலையை மட்டும் நீலமாக விட்டேன். அந்த வேலை நல்ல வேலை. உண்மையைச் சொன்னால், அதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அனுப்பினேன்.

அடுத்த நாள் சுதாகரன் எனக்குப் போன் எடுத்தான். குரலே சரியில்லை.

“அக்கா, இப்ப இன்னும் மோசமாயிடுச்சி. மொதல்ல பச்சை, இப்ப நீலம், பொண்ணு வீட்டுக்காரங்க ஸ்டூடியோவப் புடிச்சி மாத்திட்டாங்கன்னு லண்டன் அக்கா சொல்றாங்க. சித்தி வேற, ஒரு எடத்துல தன்னோட சேல நீலமாயிடுச்சின்னு கத்துறாங்க.”

சித்தியை ஓரிடத்தில் தவறவிட்டிருக்கிறேன். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அன்று பகலே இன்னொரு போன் வந்தது.

“அக்கா, நான் கோகிலா பேசுறேன். நீங்க மாத்திக் குடுத்த வீடியோவப் பாத்தேன். இது நான் கட்டுன சேல இல்லையே.”

“அப்ப, பச்சைதானா கோகிலா?”

“நான் கட்டுனது ஒரே சேலதான் அக்கா.”

“அது சரிம்மா. பச்சையா, நீலமா? அதச் சொன்னா நான் சரி பண்ணிருவேன்.”

“நீங்களும் அவங்க மாதிரியே கேக்குறீங்க” என்றாள். போன் நின்றது.

எனக்குக் கோபம் வந்தது. கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல என்ன கஷ்டம்? ஒருவேளை இந்தப் பெண் உண்மையிலேயே எதையோ மறைக்கிறாளா என்றும் ஒரு நினைப்பு வந்துபோனது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் வந்தது வந்ததுதான்.

மறுநாள் காலையில் நானாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். உங்கள் கெமராதான் பிழை என்றும் சொன்னேன். மனுஷனுக்குப் பொல்லாத ரோசம்.

“என்ட கெமராவச் சொல்ல வேணாம் தங்கச்சி. அது பச்சை எண்டா பச்சை. நான் புடிச்ச எல்லாத்தையும் போடுங்க பாப்பம். நீங்க வெட்டினது இல்ல, நான் புடிச்சது.”

அவர் பிடித்ததை முதலில் இருந்து ஓடவிட்டேன். பச்சை, பச்சை, பச்சை. நானா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தார். தாலி கட்டி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் விரல் கோத்து அக்கினியைச் சுற்றுகிற இடம் வந்தது. அதை நான் முதல் நாளே குப்பையில் போட்டிருந்தேன். இடையில் நிறம் குதிக்கிறது, கெமரா தடுமாறியிருக்கிறது என்று அப்போது நினைத்தேன். நானா ஒரே ஓட்டமாய், நிறுத்தாமல் பிடித்திருக்கிறார். கோகிலா அவருக்குப் பக்கவாட்டில் வரும்போது சேலை பச்சை. திரும்பி அவரை நேராகப் பார்த்து நடக்கும்போது நீலம். அப்பால் திரும்பினால் மறுபடி பச்சை. மூன்று சுற்றிலும் அப்படியே. அந்த நேரம் முழுக்க மாப்பிள்ளையின் வேட்டி ஒரே வெள்ளை, மாவிலை ஒரே பச்சை.

“கெமரா தடுமாறினா வேட்டியும் மாறணுமே தங்கச்சி” என்றார் நானா. அவருடைய நெஞ்சும் கொஞ்சம் இறங்கியிருந்தது. “அப்ப சேலதான் மாறுது. ரெண்டும் அதுக்குள்ளதான் இரிக்கு.”

ஊடும் பாவும் வேறு வேறு நிறத்தில் நெய்த பட்டு. கடையில் கையில் கொடுத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். திரையில் பார்த்ததும் என் புத்தியெல்லாம் கெமராவுக்கும் மென்பொருளுக்கும் போய்விட்டது. உண்மையைச் சொன்ன ஒரே ஒரு காட்சியைப் பழுது என்று வெட்டி எறிந்துவிட்டு, பொய்யை மூன்று நாள் உட்கார்ந்து இழைத்திருக்கிறேன்.

அந்தக் காட்சியை அனுப்பிப் பிரயோசனம் இல்லை. ஸ்டூடியோ படத்தை மாற்றிவிட்டது என்று ஏற்கெனவே பெயர் வந்தாயிற்று. இனி நான் எதை அனுப்பினாலும் அதுவும் மாற்றியதுதான். நம்பிக்கையை ஒரு தரம் கெடுத்தால் உங்கள் கையில் இருக்கும் உண்மையும் செல்லாது, இதை மறக்காதீர்கள். சேலையை நேரில் காட்ட வேண்டும். ஆனால் காட்ட மாட்டேன் என்று அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமலே நானும் நானாவும் கோகிலாவின் தாய் வீட்டுக்குப் புறப்பட்டோம். கம்பளை பஸ் நிலையத்தில் வந்து நிற்கும்படி சுதாகரனுக்குச் சொல்லி, அவனையும் நானாவின் வேனில் ஏற்றிக்கொண்டோம்.

கோகிலா வாசலுக்கு வந்தாள். எங்களை வாங்க என்றாள், அவனை வாங்க என்று சொல்லவில்லை. அவளுடைய அம்மா கொழுந்தெடுக்கப் போயிருந்தார். உள்ளே கதிரையில் உட்கார்ந்ததும், வழி நெடுக யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் எனக்கு மறந்துபோனது.

“நான் சேலையப் பாக்கணும்னு வரல கோகிலா” என்றேன். “உங்க சேலைய நீலமாக்குனது நான்தான். யாரும் சொல்லிச் செய்யல. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி செஞ்சேன். அதச் சொல்லத்தான் வந்தேன்.”

அவள் உள்ளே போனாள். அலுமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. சேலையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

“காட்டச் சொல்லிக் கேட்டவங்களுக்கு நான் காட்டல. நீங்க கேக்கல, அதனால பாருங்க.”

மடியில் நீலமாய் இருந்தது. ஜன்னல் பக்கம் ஒரு மடிப்பைத் தூக்கினேன், பச்சை வழுக்கிக்கொண்டு வந்தது. பதினொரு நாளாய் நான் ஒன்றாக்கப் பார்த்த இரண்டு நிறமும் என் கை அசைய அசைய வந்து வந்து போயின. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானா வெளியே பார்த்தார்.

சுதாகரன்தான் போனை எடுத்தான். “அக்காகிட்டக் காட்டவா?” என்று அவளிடம் கேட்டான். நேரில் அவளிடம் ஏதாவது கேட்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அவள் தடுக்கவில்லை. அவன் லண்டனுக்கு வீடியோ கோல் எடுத்து, போனைச் சேலைக்கு நேரே பிடித்தான். நான் தலைப்பை எடுத்து மெல்லத் திருப்பினேன்.

லண்டன் அக்கா இன்னொரு தரம் திருப்பச் சொன்னார். திருப்பினேன். இன்னொரு தரம். கோபமெல்லாம் வடிந்த குரலில் அந்த அக்கா கேட்டார்:

“அப்ப நான் வாங்குனது என்ன கலரு?”

கோகிலா போனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“மயில்கழுத்து, அண்ணி. பெட்டியத் தொறந்த ஒடனயே எங்கம்மா சொன்னாங்க, உங்க அண்ணி நல்ல மயில்கழுத்துப் பட்டா பாத்து எடுத்திருக்காங்கன்னு. எல்லாரும் என்கிட்டப் பச்சையா, நீலமான்னுதான் கேட்டீங்க. ரெண்டுல எதச் சொன்னாலும் நான் பொய் சொன்ன மாதிரி ஆயிருக்கும்.”

மயில்கழுத்து. எங்கள் எல்லாருக்கும் தெரிந்த சொல். சேலைக் கடைக்குப் போனால் என் வாயிலும் வரும் சொல். சென்னைக் கடைக்காரரும் அன்றைக்குச் சொல்லியிருப்பார், லண்டனில் யார் காதில் விழுந்ததோ. பதினொரு நாளில் அது ஒருவர் வாயிலும் வரவில்லை.

“நான் பேசுனது தப்பு கோகிலா” என்றார் அந்த அக்கா. “அம்மாவையே வந்து கூப்புடச் சொல்றேன்.” சொன்னபடியே அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் குண்டசாலையில் இருந்து இரண்டு பஸ் ஏறி வந்து, அங்கே பக்கத்து வீட்டார் கேட்கும்படி மன்னிப்புக் கேட்டு, மருமகளைக் கூட்டிப்போனார். அவர்களுடைய கல்யாண வீடியோவைச் சேலையின் இரண்டு நிறத்தையும் ஒன்றாக்காமல்தான் கொடுத்தேன். அதில் சேலை முன்னால் இருந்து நீலம், பக்கத்தில் இருந்து பச்சை, அக்கினியைச் சுற்றும்போது இரண்டும்.

ஆனால் அன்றைக்கு அவள் எங்களோடு இறங்கி வரவில்லை. போனை வைத்ததும் சுதாகரனுக்கு முகமெல்லாம் வெளிச்சமாகிவிட்டது. எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துவிட்டான், பாவம்.

“பாத்தியா, எல்லாம் தெளிவாயிடுச்சில்ல? இப்பவே வா, வேன்லயே போயிரலாம்” என்றான்.

கோகிலா என் மடியில் இருந்து சேலையை எடுத்து, கரையோடு கரை சேர்த்து மடித்தாள்.

“எனக்குத் தாலி கட்டுனது நீங்க” என்றாள். “கண்ணு முன்னாலதான இருந்தேன். நீங்களாவது என்னையப் பாத்திருக்கலாம்ல?”

கேள்வி அவனுக்குத்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், காலை முழுக்க அவளுக்குப் பத்தடி முன்னால் கெமராவோடு நின்ற எனக்கும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.